மட்டியா, ஏத்தனா, செவ்வாழையா: கன்று வாங்கும் முன் ஒரு குரோமோசோம் கணக்கு

கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுத்த வயல் நாற்பது சென்ட் கிடக்கிறது. இந்தத் தடவை கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல் வேண்டாம், வாழை வைக்கலாம் என்று முடிவாகிவிட்டது. வீட்டை ஒட்டிய விளையிலும் (தோட்டத்திலும்) தென்னைக்கு நடுவே இடம் இருக்கிறது. எந்த வாழை? குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "இப்ப எதுக்கு வெல?" என்ற எதிர்க்கேள்விதான். இன்றைய விலையைப் பார்த்து நட்ட கன்று குலை தள்ளி முற்றும்போது சந்தையில் நிற்பது வேறு விலை. ஆனால் கன்றுக்குள்ளேயே எழுதி வைத்த சில சங்கதிகள் மாறாது. அந்த வாழையின் செல்லில் எத்தனை தொகுதி குரோமோசோம் இருக்கிறது, அவை எந்தக் காட்டு வாழையிலிருந்து வந்தவை என்பது அவற்றில் முதலாவது. நோய், காற்று, தண்ணீர் மூன்றுக்கும் பாதி விடை அதில் இருக்கிறது. மீதிப் பாதியை அது சொல்லாது. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

எழுத்தும் எண்ணும்

வாழையின் ஒரு தொகுதி என்பது 11 குரோமோசோம். நாம் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவை இரண்டு காட்டு வாழைகளின் வழிவந்தவை. மூசா அக்குமினேட்டா கொடுத்த தொகுதியை ஏ என்றும், மூசா பால்பிசியானா கொடுத்ததை பி என்றும் குறிப்பார்கள். மட்டி ஏஏ. அதாவது இரண்டு தொகுதி, 22 குரோமோசோம், இருமடியம். ரசகதலி என்று நம் பக்கம் விற்கும் ஞாலிப்பூவன் ஏபி, அதுவும் இருமடியம்தான். செந்துளுவன் என்ற செவ்வாழை ஏஏஏ. ஏத்தன் என்ற நேந்திரனும் பாளையங்கோட்டானும் ஏஏபி. மொந்தன், பேயன், கற்பூரவல்லி மூன்றும் ஏபிபி. இந்த ஆறும் 33 குரோமோசோம் கொண்ட மும்மடியங்கள்.

மூன்றாவது தொகுதி எப்படி வந்தது? மகரந்தமோ சூல் செல்லோ உருவாகும்போது தாய்ச் செல்லின் குரோமோசோம் பாதியாகக் குறைய வேண்டும். எப்போதாவது அது குறையாமல் 22 அப்படியே போய்விடும். அது மற்றொன்றின் 11 உடன் சேர்ந்தால் 33. இப்படிப் பிறந்த செடி பருத்து, பெரிய காய் காய்த்தது. அதைப் பார்த்த மனிதன் பக்கக் கன்றை எடுத்து நட்டுக்கொண்டே வந்தான்.

மூன்றைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. அதனால் மும்மடிய வாழையில் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாவதில்லை, விதை பிடிப்பதில்லை. அப்படியானால் இரண்டே தொகுதி உள்ள மட்டியில் விதை எங்கே என்ற கேள்வி வரும். விதையில்லாமைக்குத் தொகுதி எண்ணிக்கை மட்டும் காரணம் அல்ல. மகரந்தம் சேராமலே சூற்பை சதை பிடிக்கும் குணம் உண்ணும் வாழை எல்லாவற்றுக்கும் உண்டு, மட்டிக்கும் உண்டு. கூடவே இருமடிய உண்ணும் வாழைகளில் பெண் மலட்டுத்தன்மையும் இருக்கிறது. ஆனால் மலட்டுத்தன்மை எல்லாவற்றிலும் முழுமையானது அல்ல. கற்பூரவல்லி மூன்று தொகுதிக்காரன். இருந்தும் பக்கத்தில் காட்டு வாழை பூத்து நின்றால் அதன் மகரந்தம் பட்டுப் பழத்தில் மிளகு போலக் கறுப்பு விதை வந்துவிடும். மலையடிவாரத்தில் விளை வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

கன்று விற்பவர் சொல்வது சரியா என்று பார்க்க

பெயரை நம்ப முடியாது. திருச்சிக்காரர் பூவன் என்றால் அது நம் பாளையங்கோட்டான். எல்லை தாண்டிக் கேரளத்தில் பூவன் என்றால் ரஸ்தாளி. "பூவன் கன்று இருநூறு" என்று தொலைபேசியில் சொல்லி அனுப்பினால் எது வரும் என்பது விற்பவரின் ஊரைப் பொறுத்தது. எழுத்தைக் கேட்டும் இங்கே தப்ப முடியாது, இரண்டுமே ஏஏபி. ஆனால் ரஸ்தாளி வாடல் நோயில் சட்டென்று விழும், பாளையங்கோட்டான் தாங்கும். எனவே தாய்வாழை நிற்கும் தோட்டத்துக்குப் போய்ப் பழத்தைத் தின்று பார்த்துவிட்டு வாங்குவதே வழி.

ஏ எவ்வளவு, பி எவ்வளவு என்பதைத் தோட்டத்தில் நின்றே ஊகிக்கலாம். சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் 1955-ல் இதற்கு ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். 15 அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். சுத்த ஏ என்றால் கூட்டுத்தொகை 15, சுத்த பி என்றால் 75. ஏஏபி 24-க்கும் 46-க்கும் இடையில் விழும், ஏபிபி 59 முதல் 63 வரை. பதினைந்தையும் பார்க்க வேண்டியதில்லை, மூன்று போதும்.

முதலாவது, இலைக்காம்பின் மேல்பக்கக் குழி. ஏ வகையில் அந்தக் குழியின் இரு ஓரங்களும் விரிந்து வாய்க்கால் போலத் திறந்திருக்கும். பி கூடக்கூட ஓரங்கள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். மட்டி இலையையும் பேயன் இலையையும் காம்பின் குறுக்கே வெட்டிப் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லும். இரண்டாவது, வாழைப்பூக் கூம்பின் மடல். ஏ வகையில் மடல் விரிந்ததும் பின்னால் சுருண்டுகொள்ளும். பி வகையில் மேலே தூக்கும், சுருளாது, உட்புறம் பளீரென்ற சிவப்பாக இருக்கும். மூன்றாவது, பிஞ்சைக் குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு அறையிலும் தெரியும் சூல் புள்ளிகள். ஏ வகையில் ஒழுங்காக இரண்டு வரிசை. பி வகையில் நான்கு வரிசை, ஒழுங்கில்லாமல்.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. எழுத்தைச் சொல்லுமே தவிர எண்ணைச் சொல்லாது. ஏஏ-வும் ஏஏஏ-வும் ஒரே மதிப்பெண் எல்லைக்குள் விழும். எண்ணுக்கு உடம்பைத்தான் பார்க்க வேண்டும். தொகுதி கூடினால் செல் பெரிதாகும், செல் பெரிதானால் இலைத்துளையும் பெரிதாகி எண்ணிக்கை குறையும். இருமடியத்தின் இலை மெல்லியது, நிமிர்ந்து நிற்கும், தண்டு ஒல்லி. மும்மடியத்தின் இலை தடித்து வளைந்து தொங்கும். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்து, 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் காட்டச் சொல்லுங்கள். மட்டியையும் செவ்வாழையையும் அருகருகே வைத்தால் துளையின் அளவு வித்தியாசம் தெரியும். இலையின் நடுப்பகுதி, ஒரே வயது இலை என்று எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒப்பீடு பிசகும்.

ஏத்தனா, செவ்வாழையா

உண்மையில் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் வழக்கு இதுதான். இரண்டும் மும்மடியம். ஒன்றில் பி இருக்கிறது, மற்றொன்றில் இல்லை. ஆனால் முடிவைத் தீர்மானிப்பது அந்த பி அல்ல, நாள் கணக்கு.

ஏத்தன் பத்து, பதினொன்று மாதத்தில் வெட்டுக்கு வரும். குலையில் ஐந்தாறு சீப்பு, 12 முதல் 15 கிலோ. செவ்வாழை 18 மாதம் எடுக்கும், நன்றாகக் கவனித்தால் குலை 20 முதல் 30 கிலோ. குலையை மட்டும் தராசில் வைத்தால் செவ்வாழை ஜெயிக்கும். நிலத்தையும் காலத்தையும் சேர்த்துத் தராசில் வையுங்கள். இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒரு சென்டுக்குப் பத்து ஏத்தன் நிற்கும். 12 கிலோ வீதம் 120 கிலோ, பத்து மாதத்தால் வகுத்தால் மாதம் 12 கிலோ. செவ்வாழைக்கு ஏழடி இடைவெளி வேண்டும், சென்டுக்கு ஒன்பது. 22 கிலோ வீதம் 198 கிலோ, பதினெட்டால் வகுத்தால் மாதம் 11 கிலோ. ஆக, ஒரு சென்ட் மண் ஒரு மாதத்தில் தருவது ஏறக்குறைய ஒன்றே. ஏத்தன் வெட்டிய பிறகு நிலத்தைத் திருத்தி மறுபடி நட இரண்டு மாதம் போனால் அதன் கணக்கு 10 கிலோவாக இறங்கும். எனவே கிலோ விலையில் செவ்வாழை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும் என்று தோன்றும். தோன்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு செலவுகள் இருக்கின்றன.

ஒன்று காற்று. 18 மாதம் நிற்கும் வாழை ஒரு தென்மேற்குப் பருவத்தையும் குறைந்தது ஒரு வடகிழக்குப் பருவத்தையும் தாண்டியாக வேண்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தின் வாழையையும் ரப்பரையும் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புயல் வராத ஆண்டிலும், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு நேரே இருக்கும் தோவாளைப் பக்கத்து நிலங்களில் காற்றாலை சுற்றும் மாதங்களில் உயரமான செவ்வாழையைக் காப்பாற்றுவது தனி வேலை. குலை தள்ளியதும் முட்டு கொடுக்க வேண்டும். மெலிந்த மூங்கில் ஏத்தனுக்குப் போதும். செவ்வாழைக்குச் சவுக்குக் கம்பு இரண்டைக் கத்தரி போலக் கட்டிக் குலைக்கழுத்துக்குக் கீழே கொடுப்பது நல்லது. கம்புக்குச் செலவு கூடும் என்று நினைத்தால், கழுத்தில் பிளாஸ்டிக் கயிறு கட்டி அடுத்தடுத்த வாழைகளை எதிரெதிர் திசையில் இழுத்துப் பிணைக்கலாம். வரிசை ஓரத்து வாழைக்கு அப்போதும் கம்பு வேண்டும், அதுதான் முதலில் சாயும்.

இரண்டாவது நோய். செவ்வாழைக்கு முடிக்கொத்து நோய், வாடல் நோய், வேர் நூற்புழு மூன்றும் எளிதில் பிடிக்கும். முடிக்கொத்து வைரஸைக் கொண்டுவருவது வாழை அசுவினி. நோய் பிடித்த செடியின் இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடியிலும் கரும்பச்சைக் கோடும் புள்ளியுமாகத் தெரியும், புது இலைகள் குறுகி நுனியில் கொத்தாக நிற்கும். அந்தச் செடி குலை தராது. வெட்டிச் சாய்ப்பது மட்டும் போதாது. முதலில் அசுவினியை மருந்தடித்துக் கொன்றுவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி எடுத்துத் துண்டு துண்டாக வெட்டி அழிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால், வெட்டிய செடியிலிருந்து அசுவினி அடுத்த செடிக்குக் குடிபோகும்.

ஏத்தனும் நோயில்லாத பிள்ளை அல்ல. பூமடல் தேமல் வைரஸ், நூற்புழு, துளைக்கும் வண்டு மூன்றும் அதற்குப் பிடித்தவை. ஐந்தாவது மாதத்திலிருந்து தண்டைச் சுற்றிப் பாருங்கள். சிறு துளையும் அதிலிருந்து வழியும் பிசினும் தெரிந்தால் தண்டுக் கூன்வண்டு உள்ளே இருக்கிறது. காய்ந்த மட்டைகளை அறுத்துத் தண்டைச் சுத்தமாக வைத்தாலே முட்டையிட இடம் குறையும். இரண்டடித் தண்டுத் துண்டை நெடுக்கே பிளந்து, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி அங்கங்கே போட்டால் வண்டு அதற்கு வரும், பிடித்துக் கொல்லலாம். குலை வெட்டிய தண்டை நிற்கவிட்டால் அதுவே அடுத்த பயிருக்கான வண்டுப் பண்ணை.

உரத்தில் இருவருக்கும் தேவை வேறு. தோட்டக்காலில் நடும் ஏத்தனுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை மரத்துக்குத் தழை 150, மணி 90, சாம்பல் 300 கிராம். மற்ற ரகங்களுக்கு 110, 35, 330. மூட்டைக் கணக்கில் மாற்றினால் ஏத்தனுக்கு யூரியா 325 கிராம், சூப்பர் பாஸ்பேட் 560, பொட்டாஷ் 500. செவ்வாழைக்கு யூரியா 240, சூப்பர் 220, பொட்டாஷ் 550. தழைச்சத்தை 3, 5, 7 ஆம் மாதங்களில் மூன்றாகப் பிரித்து, மணிச்சத்து முழுவதையும் மூன்றாம் மாதமே வைத்துவிடுவது வழக்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் பாசன ஏத்தனுக்கு 190, 115, 300 கிராமை ஆறு தடவையாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். இங்கே பெய்யும் மழைக்கும் சரிந்த நிலத்துக்கும் பல தடவையாகப் பிரிப்பது அதிகப் பொருத்தம், மொத்தமாகப் போட்டது மழையோடு ஓடையில் போகும். எத்தனை சீப்பு என்பது குலை வெளியே வரும் முன்னே தண்டுக்குள் முடிவாகிவிடும். குலையைப் பார்த்துவிட்டு உரம் போடுகிறவர் காயைப் பருக்க வைக்கலாம், சீப்பைக் கூட்ட முடியாது.

விற்பனையில் ஏத்தனுக்கு ஒரு தனி வசதி. காயாகவும் விற்கும், பழமாகவும் விற்கும். உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்) போடுபவர்கள் முற்றிய காயாகவே வாங்குவார்கள். களியக்காவிளைக்கு அப்பால் ஓணத்துக்குத் தேவை ஏறும். ஐப்பசியில் நட்டால் ஆவணியில் வெட்டு என்ற கணக்கு கன்னிப்பூ அறுத்த வயலுக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால் எல்லோரும் அதே கணக்கைப் போடுவார்கள். பாதியை ஐப்பசியிலும் மீதியை மூன்று வாரம் கழித்தும் நட்டால், ஒரே நாளில் எல்லாக் குலையையும் சந்தையில் இறக்கி விலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் கட்டினால் கன்றுக்கிழங்கு அழுகும். இரண்டு வரிசைக்கு ஒன்றாக ஒன்றரை அடி முதல் இரண்டடி ஆழத்துக்கு வடிகால் எடுத்து, அந்த மண்ணை நடுமேட்டில் போட்ட பிறகே நட வேண்டும். நடும் ஏத்தன் கிழங்கை வேரை நீக்கிச் செதுக்கி, சாணிக்கரைசலும் சாம்பலும் பூசி, மூன்று நான்கு நாள் வெயிலில் காயவைத்து நடுவது எல்லையின் இரு பக்கமும் உள்ள வழக்கம். நூற்புழு இருந்த தோட்டத்துக் கன்று என்றால் 50 முதல் 55 டிகிரி சூட்டு நீரில் 20 நிமிடம் வைத்து எடுங்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டை அளக்கக் கூடாது. வெப்பமானி இல்லாமல் செய்தால் ஒன்று புழு பிழைக்கும், இல்லை கன்று சாகும்.

இரண்டு தொகுதிக்காரர்கள்

மட்டியை எடையால் அளந்தால் அது தோற்கும். விரல் சிறியது, குலை சிறியது, தண்டு மெலிந்தது. இரண்டு தொகுதியின் உடம்பு அவ்வளவுதான். அதை வாங்குபவர் எடைக்காக வாங்குவதில்லை. குழந்தைக்கு முதலில் மசித்துக் கொடுக்கும் பழம் இந்த மாவட்டத்தில் மட்டிதான். கல்குளம், விளவங்கோடு பக்கத்து மண்ணோடு சேர்த்தே பேசப்படும் இந்த வாழைக்கு 2023-ல் கன்னியாகுமரி மட்டி என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததாலேயே சந்தையில் விலை ஏறிவிடாது. அந்தப் பெயரைப் போட்டு விற்க, உற்பத்தியாளர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகச் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாமல் வழக்கமான கமிஷன் கடைக்கே அனுப்புகிறவருக்கு அது வெறும் பெருமைதான்.

மட்டி பழுத்தால் தோல் மெல்லியது, நசுங்கும். தூரத்துக்கு அனுப்புகிறவர் குலையாக ஏற்றாமல் சீப்பாக வெட்டி, காகிதம் இட்டு, பெட்டியில் அடுக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் இருப்பவருக்கு மட்டி நல்ல பயிர். மொத்த வியாபாரியை மட்டுமே நம்பி இருப்பவருக்கு அல்ல.

ரசகதலி இருமடியமாக இருந்தும் வேறு சாதி, அதில் ஒரு பி இருக்கிறது. செடி ஒல்லி, ஆனால் 12 முதல் 14 மாதத்தில் 15 கிலோவுக்குக் குறையாத குலை, நன்கு பார்த்தால் அதற்கு மேலும். இலைப்புள்ளி நோயைத் தாங்கும். பழம் சில நாள் இருந்தாலும் கெடாது. தென்னைக்கு நடுவே நட ஏற்றது. தொகுதி எண்ணிக்கை மட்டுமே குலையின் எடையைத் தீர்மானிக்கும் என்று நினைப்பவருக்கு ரசகதலி நல்ல மறுப்பு. ஏத்தன் மூன்று தொகுதியோடு 12 கிலோ, இது இரண்டு தொகுதியோடு அதைத் தாண்டுகிறது.

இதன் பலவீனம் வாடல் நோய். அடியிலை மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். கிழங்கை வெட்டினால் உள்ளே செம்பழுப்பு வளையம் தெரியும். அந்தப் பூஞ்சை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். முன்பு ரஸ்தாளியோ மொந்தனோ இப்படி வாடிப்போன விளையில் ரசகதலி வைக்கக் கூடாது, என்ன மருந்து ஊற்றினாலும் சரி.

பி இரண்டு இருந்தால்

மொந்தன், பேயன், கற்பூரவல்லி பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வறட்சி தாங்கும், இலைப்புள்ளி குறைவு. மொந்தனுக்கு முடிக்கொத்து வராது. கற்பூரவல்லி உப்பு மண்ணிலும் வரும். பி தொகுதிதான் இந்தத் தாங்கும் வலிமைக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள், பெரும்பாலும் சரி. ஆனால் "பி இருந்தால் எதுவும் அண்டாது" என்ற நம்பிக்கை தவறு. வாடல் நோயில் மொந்தனும் கற்பூரவல்லியும் ரஸ்தாளியைப் போலவே விழும்.

பி-யோடு ஒட்டிக்கொண்டு வரும் தொல்லை இன்னொன்று. வாழைக் கீற்று வைரஸின் மரபுத்துண்டு பி தொகுதியின் குரோமோசோமுக்குள்ளேயே எழுதப்பட்டுக் கிடக்கிறது. சாதாரணமாகத் தூங்கும். வளர்ப்பு ஆய்வகத்தில் திசுவைப் பெருக்கும்போதோ, கலப்பினம் செய்யும்போதோ, செடி கடும் நெருக்கடியில் இருக்கும்போதோ விழித்துக்கொள்ளலாம். இலையில் மஞ்சள் கீற்று வந்து பிறகு கறுக்கும். வெளியிலிருந்து தொற்றாமலே செடிக்குள்ளிருந்து கிளம்பக்கூடிய நோய் என்பதால், மருந்துக் கடைக்குப் போய்ப் பயனில்லை. பாளையங்கோட்டானில் இந்தக் கீற்று அடிக்கடி தெரியும். கீற்றில்லாத தாயிலிருந்து கன்று எடுப்பதே முன்னெச்சரிக்கை.

நான்கு தொகுதி இருந்தால் இன்னும் பெரிதா?

இல்லை. வாழைக்கு மூன்றுதான் அளவு என்று சொல்லலாம். ஹோண்டுராஸ் நாட்டு ஆய்வு நிலையம் உருவாக்கிய எஃப்எச்ஐஏ-01 போன்ற ஏஏஏபி கலப்பினங்கள் 44 குரோமோசோம் கொண்ட நான்மடியங்கள். நோய் எதிர்ப்புக்காகச் செய்யப்பட்டவை. நான்மடியங்களில் இலை கனத்துத் தொங்கும், பழுத்ததும் விரல் சீப்பிலிருந்து உதிரும் குறை பலவற்றில் உண்டு. குலையாகக் கட்டித் தொங்கவிட்டு விற்கும் நம் கடைக்காரர் உதிரும் பழத்தை எடுக்க மாட்டார். மூன்று தொகுதியின் பலன் வாழைக்கு மட்டுமானதும் அல்ல. திருவனந்தபுரத்து மத்தியக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ ஹர்ஷா என்ற மரச்சீனி (மரவள்ளி), இருமடியத்தையும் நான்மடியத்தையும் சேர்த்து வேண்டுமென்றே உருவாக்கிய மும்மடியம். 36-க்குப் பதில் 54 குரோமோசோம், நோக்கம் கூடுதல் மாவுச்சத்து. இது வேறு கட்டுரைக்கான விஷயம்.

பக்கக் கன்றா, ஆய்வகக் கன்றா

திசு வளர்ப்புக் கன்றின் பெரிய நன்மை ஒரே சமயத்தில் குலை தள்ளுவதும், வைரஸ் சோதனை செய்து வருவதும். முடிக்கொத்துக்குப் பயந்த செவ்வாழைக்கு இந்த இரண்டாவது நன்மை பெரிது. ஆனால் செவ்வாழைக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. சிவப்பு நிறம் நிலையானது அல்ல. சில கன்றுகள் பச்சைக்குத் திரும்பிவிடும், ஆய்வகப் பெருக்கத்தில் இது கூடும். பழம் அதே ருசிதான், ஆனால் செவ்வாழை விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். எனவே நாற்றங்காலிலேயே தண்டும் காம்பும் சிவந்த கன்றாகப் பொறுக்க வேண்டும். திசுவை அளவு மீறிப் பெருக்கினால் குட்டைச் செடி, இலை திரிந்த செடி எல்லாம் வரும். எட்டுத் தடவைக்கு மேல் மறுவளர்ப்பு செய்யாத கன்றா என்று கேளுங்கள். சான்று பெற்ற ஆய்வகம் என்றால் பதில் சொல்லும்.

பக்கக் கன்று என்றால் வாள் போன்ற குறுகிய இலையுடைய ஈட்டிக் கன்று, கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. அகன்ற இலையோடு மேலே ஒட்டி முளைத்த கன்று பார்க்கக் கொழுகொழு என்று இருக்கும், கிழங்கு பலமில்லை, ஒதுக்கிவிடுங்கள். குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். மக்கிய தொழுவுரம் 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோ. நம் செம்மண் விளைகளில் புளிப்பு அதிகம் என்பதால் குழிக்கு அரை கிலோ சுண்ணாம்பு இட்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து மற்றவற்றை இடுவது நல்லது. சொட்டுநீர் வைத்தவர்கள் நான்காம் மாதம் வரை மரத்துக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர், ஐந்தாம் மாதம் முதல் குலை தள்ளும் வரை 20, அதன் பிறகு வெட்டுக்கு 15 நாள் முன்வரை 25 என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த நிலத்துக்கு எது

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வரும் வயல், பத்து மாதத்தில் பணம் வேண்டும், அடுத்த ஆண்டு நெல்லுக்குத் திரும்ப வேண்டும் என்றால் ஏத்தன்தான். வேறு யோசனை தேவையில்லை. மறைவான பள்ளத்தாக்கு, ஒன்றரை ஆண்டு காத்திருக்கும் வசதி, பக்கத்தில் முடிக்கொத்து பிடித்த பழைய தோட்டம் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் செவ்வாழை. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம். தோவாளைக் காற்றுப் பாதையில் செவ்வாழை வைப்பது சூதாட்டம்.

தென்னை நிழல் விழும் விளைக்கு ரசகதலி, வாடல் நோய் வந்த வரலாறு இருந்தால் பாளையங்கோட்டான். இளம் ரப்பருக்கு நடுவே முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குப் பாளையங்கோட்டான் போதும். ரப்பர் வரிசையிலிருந்து எட்டடியாவது தள்ளி நட வேண்டும், இல்லையென்றால் ரப்பர் கன்று வெளிச்சம் தேடி வளைந்துவிடும். மட்டியை முழு வயலாக வைக்காமல், வீட்டுப் பக்கத்தில் பத்து இருபது மூடு வைத்து, கன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மாதம் இரண்டு மூன்று குலை வெட்டும்படி பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

குளச்சல், கிள்ளியூர்க் கடலோரத்தில் கிணற்று நீர் கரிக்கும் இடங்களுக்கு மட்டியும் செவ்வாழையும் வேண்டாம், கற்பூரவல்லி வையுங்கள். மலையிலிருந்து அவ்வளவு தள்ளி இருப்பதால் காட்டு வாழையின் மகரந்தம் வந்து விதை பிடிக்கும் தொந்தரவும் அங்கே இருக்காது.